சுவருக்கு அந்தப் பக்கம்

“அம்மா, எனக்குத் தீட்சை எப்பக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“குளியலறைல மேல இருந்து தண்ணி சொட்டுதே அண்ணா, ஏன்?”

“நான் தீட்சையைக் கேட்டனுங்க.”

“நான் தண்ணியைக் கேட்டேன்.”

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். ஞானம் தேடி மலையேறி வந்தவரிடம் கூரை சொட்டுவதைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் கேள்வி அவர் தொழிலைத் தொட்டுவிட்டது. பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“அது ஒழுகலீங்கம்மா, ஆவி. இந்தக் குளுருக்கு எல்லாரும் வெந்நீர்ல குளிக்கறோம். ஆவி மேல போயி, சில்லுனு இருக்கற தளத்துல பட்டு, தண்ணியாகிச் சொட்டுது. வெளிய போறதுக்கு வழியில்ல. அதான் சுவரெல்லாம் கருப்பாப் பூசணம் புடிச்சுக் கெடக்குது.”

“எல்லாந் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.”

“தெரியாம என்னங்க. எந்தொழிலாச்சே.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் அம்மா என்று கூப்பிட்டாலும் அமிர்தவல்லிக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள். அவர்கள் இரண்டு பேரும் குழம்பியதில்லை.

கோத்தகிரி போகும் வழியில், டீத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அம்மாவின் தியானக் குடில். நாச்சிமுத்து கோபியில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் வயர் இழுக்காத கல்யாண மண்டபம் கிடையாது. வேலையில் குறை சொல்ல முடியாது. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

“சரி, தீட்சை வாங்கிட்டு என்ன பண்ணுவீங்க அண்ணா?”

“இங்கயே இருந்துக்குவனுங்க. கீழ எறங்கற சோலியே இல்ல.”

“கீழ யாரு இருக்காங்க?”

“யாருமில்லீங்க. சம்சாரம் போயிச் சேந்துட்டா. பையன் துபாய்ல. அப்பா மட்டுந்தான்.”

“அப்பா எங்க இருக்காரு?”

“எந்தங்கச்சி துளசிமணி ஊட்லைங்க.” நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவருக்கு நெனப்பு தப்பிப் போச்சுங்கம்மா. பொழுது சாஞ்சா சத்தம் போட ஆரம்பிப்பாரு. கதவைத் தொறந்துட்டு ரோட்டுல போயி நிப்பாரு. சோத்தைத் தட்டி உடுவாரு. எங்கிட்ட இருந்த வரைக்கும் எனக்குத் தூக்கமே இல்ல. எந்நேரமும் கோவம். ஒரு நாள் அவரு மேலயே கைய ஓங்கிட்டனுங்க.”

“அடிச்சீங்களா?”

“இல்லீங்க. ஓங்குனதோட சரி. ஆனா பயந்துட்டேன். அந்த வாரமே அவரைக் கொண்டு போயித் தங்கச்சி கிட்ட உட்டுட்டு மலையேறிட்டேன். இப்பப் பாருங்க, கோவங்கறதே எங்கிட்ட இல்ல. எல்லாம் வெளிய போயிருச்சு.”

“தங்கச்சி என்ன சொல்றாங்க?”

“அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டாளுங்க. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை போன் பண்றனே. அப்பா எப்புடி இருக்காருன்னு கேப்பேன். நல்லாருக்காருங்கறா. வெச்சுருவேன். அவளுக்குப் பழகிருச்சுங்க.”

அம்மா முறத்தை ஒருமுறை புடைத்தார்.

“குளியலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் குடுங்க அண்ணா. அப்பறம் தீட்சையைப் பேசலாம்.”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் மௌனம், விரதம் என்று அம்மா ஏதாவது வைப்பார். அவர்களும் திணறித்தான் தேறுவார்கள். இவருக்குக் கிடைத்ததோ, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்து முடிக்கிற வேலை.

“இவ்வளவுதானுங்களா?”

“இவ்வளவுதான். ஆவி வெளிய போகணும். ஈரோட்டுல ஒருத்தர் ஒடம்புக்கு முடியாம இருக்காரு. பாத்துட்டு ஒரு வாரத்துல வந்துருவேன்.”

“நீங்க வர்றப்ப ஃபேன் ஓடிட்டு இருக்குமுங்க.”

“ஓடும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

*

மறுநாள் காலையில் நாச்சிமுத்து குளியலறைக்குள் நின்று சுவர்களைப் பார்த்தார். எலக்ட்ரீசியன் சுவரைப் பார்ப்பதும் வைத்தியர் நாடியைப் பார்ப்பதும் ஒன்றுதான், நடுவில் யாரும் பேசக் கூடாது.

வையாபுரி பேசினார். அவர் முன்னாள் பஸ் கண்டக்டர். தீட்சை வாங்கிப் பல வருஷமாகியும் வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை.

“எந்தச் சுவத்துல வெக்கப் போற?”

“அதைத்தான் பாக்கறேன். பின்னால முடியாது. சுவரை ஒட்டி மலை இருக்குது.”

“எடது பக்கம்?”

“அங்க வெந்நீர் அடுப்பு. புகை உள்ள வந்துரும்.”

“முன்னால வெச்சுரு. வராந்தாப் பக்கம். காத்தோட்டமா இருக்குமே.”

நாச்சிமுத்து முன்சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

வராந்தாவில்தான் எல்லோரும் விடியற்காலையில் தியானத்துக்கு உட்காருவார்கள். ஆளுக்கு ஓர் இடம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மாறி உட்காருவதில்லை. குளியலறையின் முன்சுவர் ஓரம் நாச்சிமுத்துவின் இடம். உள்ளே அத்தனை பேர் வெந்நீரில் குளிப்பதால் அந்தச் சுவர் இளஞ்சூடாக இருக்கும். மலைக்குளிரில் அதில் முதுகைச் சாய்த்தால் மனம் தானாக அடங்கும் என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

“முன்னால வெச்சா ஆவியெல்லாம் வராந்தாவுக்குத்தான் வரும். தியானம் பண்றவங்க தலைலதான் எறங்கும். எல்லாருக்கும் தொந்தரவு” என்றார்.

எல்லாரும் என்று அவர் சொன்னது ஒரே ஓர் ஆளை.

“அப்ப வலது பக்கந்தான் மிச்சம்” என்றார் வையாபுரி.

வலது பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு சின்ன அறை இருந்தது. நாச்சிமுத்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தார். குரங்குத் தொல்லைக்காக ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மூலையில் சுருட்டி வைத்த ஒரு பாய், ஒரு துணி மூட்டை, ஆணியில் ஒரு பழைய கம்பளி. வேண்டாத சாமான்களைப் போட்டு வைக்கிற இடம் என்று தெரிந்துவிட்டது.

“யாருமில்ல” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

*

வேலை என்னவோ அழகாகத்தான் நடந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் மெயின் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேஜை மேல் வைத்தால் எவனாவது நல்லெண்ணத்தில் எடுத்து மாட்டிவிடுவான். ஃபியூஸ் பையில் கனத்தால்தான் அவருக்குக் கை வேலை செய்யும். அப்போதும் வயரை நம்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்த்தார்.

நூலும் பென்சிலும் கொண்டு சுவரில் வட்டம் போட்டார். உளியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொத்தினார். துளை சுவரின் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார், அப்போதுதான் படிகிற ஈரம் ஃபேனுக்குத் திரும்பி வராது.

“சுவிட்சை உள்ள வெச்சா வசதியா இருக்குமே” என்றார் வையாபுரி.

“ஈரக்கையில சுவிட்சைத் தொட்டா மோட்சம் உடனே கெடைச்சிரும். வேணுமா?”

“வேண்டாம்ப்பா. வெளியவே வையி.”

சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தார். கரண்ட் வருகிற வயரைச் சுவிட்ச் வழியாகவும், திரும்புகிற வயரை நேராகவும் ஃபேனுக்குக் கொண்டுபோனார். இதை மாற்றிப் போட்டுவிட்டுக் கூலி வாங்கிப் போகிற அரைகுறைகள் உண்டு. சுவிட்சை அணைத்தபிறகும் ஃபேனில் கரண்ட் நிற்கும், துடைக்கப் போகிறவன் கதி அதோகதிதான். நாச்சிமுத்து அந்த ரகம் இல்லை. எர்த் வயரையும் மறக்காமல் முறுக்கினார்.

கடைசியாகக் குளியலறைக் கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை ஒரு விரல் அகலத்துக்கு இழைத்தார்.

“கதவை ஏன்யா கெடுக்கற?”

“ஃபேன் காத்தை வெளிய தள்ளோணும்னா உள்ள காத்து வரோணும். கதவடைச்சு வெச்சா ஃபேன் சும்மா சுத்தும், வேலை செய்யாது. இதெல்லாம் உனக்கு எதுக்கு?”

ஃபியூஸை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். ஃபேனின் மூடுதகடுகள் படபடவென்று திறந்துகொண்டன. ஃபேன் சுற்றியது.

அடுத்த நாள் காலை முழுக் குடிலும் குளித்து முடித்தது. தளத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

பாராட்டு மழை பொழிந்தது. வையாபுரி நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். நாச்சிமுத்து தன் இடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார். சுவரில் முன்னைப்போலச் சூடு இல்லை என்பது ஒன்றுதான் குறை.

அந்த வாரம் அவருக்குத் தியானம் பிரமாதமாகக் கூடியது. ஒரே ஓர் இடைஞ்சல், சமையலறையிலிருந்து அடிக்கடி இருமல் கேட்டது. சமையல் வேலை பார்க்கும் பாவாயிதான். கஞ்சி வாங்கப் போனபோது அதையும் விசாரித்தார்.

“என்ன பாவாயி, கொள்ளு கொள்ளுன்னு இருமற?”

“ஒண்ணுமில்லீங்ணா. குளுரு.”

“மெளகு தட்டிப் போட்டுக் கசாயம் வெச்சுக் குடி.”

“சரிங்ணா.”

நல்லது ஒன்று செய்த திருப்தியோடு நாச்சிமுத்து கஞ்சியைக் குடித்தார்.

*

சொன்னபடியே அம்மா வந்தார். வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து அவரைக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். அம்மா அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். சுவரைத் தடவினார். விரலில் ஈரம் ஒட்டவில்லை.

“நல்ல வேலை அண்ணா.”

“ஃபேன் நல்லா இழுக்குதுங்கம்மா. ஒரு காகிதத்தைக் கிட்ட வெச்சுப் பாருங்க.”

“ஊதுபத்தி இருக்குதா?”

ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தார். அம்மா அதை ஃபேனுக்கு எதிரே பிடித்தார். புகை வளையாமல் நெளியாமல் நேராக ஃபேனுக்குள் போனது. நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க போகுது அண்ணா?”

“வெளியங்க.”

“வெளியன்னா?”

“சுவத்துக்கு அந்தப் பக்கமுங்க.”

“ம்.”

அம்மா புகைகிற ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். வராந்தாவைச் சுற்றி நடந்தார். சின்ன அறையின் கதவைத் தள்ளினார். நாச்சிமுத்து பின்னால் போனார்.

அறைக்குள் முன்னே போன புகை மிதந்துகொண்டிருந்தது. சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர். குளியலறையில் இருந்த அதே கறுப்புப் புள்ளிகள் இங்கே புதிதாகத் தொடங்கியிருந்தன. பாய் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இடம் மாறியிருந்தது.

அம்மா பாயை விரித்தார். அதன்மேல் உட்கார்ந்தார்.

“அம்மா, பாய் ஈரமா இருக்குதுங்க.”

“ஆமா.”

“எந்திரிங்கம்மா.”

அம்மா எழவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பாவாயி! இனிமே நீ என் ரூம்ல படுத்துக்க. நான் இங்க இருக்கறேன்.”

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லையே!

“யாருமில்லாத ரூமுன்னு பாத்துத்தானுங்க வெச்சேன்!”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

*

விடிந்தது. வழக்கம்போல எல்லோரும் குளிக்கப் போனார்கள். ஃபேன் ஓடியது.

நாச்சிமுத்து தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஃபேன் சத்தம்தான் கேட்டது. ஒவ்வொருவர் குளிக்கும்போதும் அந்த ஆவி எங்கே போகிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நினைவில் ஓடியது. பொறுக்காமல் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார்.

“யாருய்யா ஃபேனை நிறுத்துனது?” உள்ளே இருந்து வையாபுரி கத்தினார். “கண்ணு தெரிய மாட்டேங்குது!”

நாச்சிமுத்து சுவிட்சைப் போட்டார்.

சின்ன அறையில் அம்மா இருமுவது கேட்டது. மறுபடியும் அணைத்தார்.

“அடேய்!” என்றார் வையாபுரி.

மறுபடியும் போட்டார். போடவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். அவர் வைத்த சுவிட்ச்தான். இந்த மாதிரி ஒரு நிலைமை அவருக்குத் தொழிலில் வந்ததே இல்லை.

கடைசியில் சமையலறைக்குப் போனார். பாவாயி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

“பாவாயி, அந்த ரூம் உன்னுதா?”

“ஆமாங்ணா.”

“எத்தனை நாளா?”

“நீங்க இங்க வர்றதுக்கு முந்தியிருந்தே.”

“உன்னை அங்க நான் பாத்ததே இல்லியே.”

“நான் எந்திரிக்கறப்ப நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. நான் பாத்திரமெல்லாங் கழுவிட்டுப் படுக்கப் போறப்பவும் தூங்கிட்டு இருப்பீங்க.” பாவாயி குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

“சுவத்துல ஓட்டை போட்டனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எல்லாரும் ஃபேன் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னாங்க. நடுவுல நான் வந்து என்னத்தச் சொல்ல?”

“பாய் நனையுமே.”

“நனையும். அந்த மூலைக்குத் தள்ளிப் போட்டுப் பாத்தேன், அங்கயும் நனைஞ்சுது. காலைல அடுப்புக்கிட்ட விரிச்சு வெச்சா மத்தியானத்துக்குள்ள காஞ்சுரும். மறுநாளும் நனையும்.”

“கஷ்டமா இல்லியா?”

பாவாயி யோசித்தார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பழகிருச்சுங்ணா” என்றார்.

தங்கச்சியைப் பற்றி அந்த வார்த்தையை நாச்சிமுத்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டது இதுதான் முதல் தடவை.

அவமானம்தான், ஆனால் அவமானத்தை விடப் பயம் அதிகமாக இருந்தது. பாவாயி கஞ்சியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

*

மெயின் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டார். ஃபேனைக் கழற்றி இறக்கினார். வலது பக்கச் சுவரின் துளையைச் செங்கல் வைத்து அடைத்துச் சிமெண்டு பூசினார். பிறகு ஏணியைத் தூக்கி வராந்தாப் பக்கம் வைத்தார்.

“அங்கயா?” என்றார் வையாபுரி. “ஆவி வராந்தாவுக்கு வருமுன்னு நீதானப்பா சொன்ன?”

“வரட்டும்.”

“எல்லாருக்கும் தொந்தரவுன்னியே?”

“எல்லாருக்குமில்ல. எனக்குத்தான்.”

வையாபுரி ஏணியின் அடியைப் பார்த்தார். அது யார் உட்காருகிற இடம் என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு போனார்.

நூல், பென்சில், வட்டம், உளி. எல்லாம் முன்னைப் போலத்தான். வெளிப்புறத்தில் ஆவி மேல்நோக்கிப் போகும்படி தகட்டை வளைத்து ஒரு மூடியும் வைத்தார். என்ன வைத்தாலும் கொஞ்சம் ஈரம் கீழே சொட்டத்தான் செய்யும் என்பதும் அவருக்குத் தெரியும்.

சின்ன அறையின் ஜன்னலை அடைத்திருந்த செங்கல்லைப் பெயர்த்தார். குரங்கு வராமல் இருக்கக் கம்பி வலை அடித்தார். வெயில் உள்ளே விழுந்தது. இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஃபியூஸை மாட்டினார். ஃபேன் சுற்றியது. டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதைத் தன் அறைக்குக் கொண்டுபோகாமல் வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில், பஸ் ஏறப் போகிறவர்கள் பெட்டி வைக்கிற இடத்தில் வைத்தார்.

அம்மா சின்ன அறையிலிருந்து வெளியே வந்தார். சேலை ஈரம். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒருமுறை இருமிவிட்டு அண்ணாந்து புதுத் துளையைப் பார்த்தார்.

“ஆவி எங்க போகுது அண்ணா?”

“என் தலை மேலங்க.”

அம்மா சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“பாயை வெயில்ல போட்டுட்டேன். சாயங்காலம் பாவாயி அவ ரூமுக்குப் போயிக்கலாம்” என்றார். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து எதிரே இடம் காட்டினார். “வாங்க. தீட்சையைப் பேசலாம்.”

நாச்சிமுத்து உட்காரவில்லை. தலையில் சிமெண்டுத் தூளோடு நின்றார்.

“அம்மா, நான் ஒரு போன் பண்ணிக்கட்டுங்களா?”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்லியே.”

“இல்லீங்க.”

அம்மா போனை எடுத்துக் கொடுத்தார்.

மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்த உடனே, இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, துளசிமணி பேச ஆரம்பித்துவிட்டாள்.

“நல்லாருக்காருண்ணா. சாப்புட்டாரு. தூங்கறாரு.”

அவளுக்குப் பின்னால் அப்பா கத்திக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது. இத்தனை மாதமாக இது கேட்கும் முன்பே நாச்சிமுத்து போனை வைத்துவிடுவார்.

“அப்பாவைக் கேக்கல, துளசி” என்றார். “நீ எப்புடி இருக்கற?”

இந்தக் கேள்வியை அவளிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“துளசி?”

வெகுநேரம் கழித்து அவள் குரல் வந்தது.

“யாருங்க பேசறது?” என்றாள்.